வீட்டுக்கு ஒரு வாய்

அரிசியின் விலை மூன்றாம் முறையாக ஏறிய ஆண்டில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருந்த தெருவில் வீட்டுக்கு ஒருவர் மட்டும் உண்ண, அந்த வீட்டிலிருந்த அனைவருக்கும் வயிறு நிறையத் தொடங்கியது. இது அரசின் ஏற்பாடு. விலைகளைக் குறைக்க இயலாது என்று முந்தைய ஆண்டே அறிவித்துவிட்ட அரசு, உண்ணும் வாய்களைக் குறைப்பது இயலும் என்று கண்டறிந்திருந்தது. வெள்ளை மேலங்கி அணிந்த பணியாளர்கள் இருவர் ஒரு கண்ணாடிக் குப்பியோடு வந்து, வீட்டிலுள்ளோர் அனைவருடைய நாவிலும் ஒரு சொட்டு மருந்து விட்டார்கள்; குடும்பத்தார் யாரை உண்பவராகக் கைகாட்டினார்களோ அவருடைய நாவில் மட்டும் இரண்டாம் சொட்டு விழுந்தது. அது விழுந்த இடத்தில் மிளகளவில் ஒரு நீலப் புள்ளி தோன்றிற்று; தேய்த்தாலும் சுரண்டினாலும் அது போகவில்லை. அன்று மாலை நீலப் புள்ளி பெற்றவர்கள் உண்டு எழுந்தபோது, தட்டைத் தொடாதவர்களும் ஏப்பம் விட்டார்கள். மற்றவர்கள் வேண்டுமானால் உண்ணலாம், தடையில்லை. ஆனால் அவ்வுணவு நாவில் சுவை தந்துவிட்டுத் தொண்டைக்குக் கீழே இல்லாமற்போயிற்று. தெருவில் இது குறித்த வியப்பு இரண்டு நாள் நீடித்தது. பிறகு குழாயில் தண்ணீர் நின்றுபோனதால் பேச்சு அதன்பால் திரும்பிவிட்டது.

உழைப்பவர் உண்ணட்டும், அதுதான் முறை என்றே தொடக்கத்தில் பலரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் தெருமுனையில் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு அமர்ந்திருந்த திட்ட அலுவலர் இரக்க மனம் படைத்தவர். தம் பொறுப்பிலுள்ள மக்கள் ஏமாந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு குடும்பத்தையும் தனியே அழைத்து எடுத்துச் சொன்னார். “பெரிய வயித்த எதுக்கும்மா காட்டுறீங்க? அது எவ்வளவு போட்டாலும் இன்னும் கொண்டான்னு நிக்கும். சின்ன வயிறாப் பாத்துக் குடுங்க. ஒரு கைப்பிடி போட்டா அது நெறஞ்சிடும். அது நெறஞ்சா நீங்க அத்தன பேரும் நெறஞ்சீங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?” யோசிக்க ஒன்றுமில்லைதான். அன்று பொழுது சாய்வதற்குள் அந்தத் தெருவின் கைக்குழந்தைகளும் நடைபழகும் பிள்ளைகளும் வரிசையில் நின்று நாக்கை நீட்டினார்கள். தனியாக வாழ்ந்த காவலாளி ஒருவர் தமக்குத் தாமே உண்பவரானார். திட்டத்தால் அவருக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை எனினும், அரசு தம்மையும் ஒரு பொருட்டாக மதித்தது என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பணிமனையில் பேருந்துகளின் சக்கரங்களைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டும் டயர்க்காரரின் வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். டயர்க்காரர், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வைகளைப் பிழியும் அவருடைய மனைவி, பதினைந்து வயதில் தாயைவிட உயர்ந்துவிட்டிருந்த பெரியவள், ஐந்து வயதுச் சின்னவள், வேலை தேடுவதையே வேலையாகக் கொண்டிருந்த டயர்க்காரரின் தம்பி. கைகாட்டப்பட்டவள் சின்னவள். அன்று அவள் அடைந்த மகிழ்ச்சியைத் தெருவே பார்த்தது. வீட்டில் உடைந்துபோகாத ஒரே பீங்கான் தட்டு இனி அவளுக்கென்று ஆகியிருந்தது. நாக்கை நீட்டியபடியே வீடு வீடாக ஓடி நீலப் புள்ளியைக் காட்டினாள். முதல் வேளைக்கு அவள் அமர்ந்தபோது நால்வரும் எதிரே உட்கார்ந்து அவள் மெல்லுவதைப் பார்த்தார்கள். “இனிமே இவதான் நம்ம முதலாளி,” என்று சித்தப்பா எழுந்து கைகட்டி நின்றார். “தாயே, கொஞ்சம் வேகமா மெல்லு. சித்தப்பாவுக்குக் கண்ண இருட்டிக்கிட்டு வருது.” அவள் சிரித்ததில் ஒரு பருக்கை சிதற, நான்கு கைகள் அதைப் பிடிக்க நீண்டன.

அந்தத் தெருத் தாய்மார்களிடையே விரைவிலேயே ஒரு பழக்கம் உருவாயிற்று. வலக்கையால் பிள்ளைக்கு ஊட்டும்போது இடக்கையைத் தம் வயிற்றின் மீது வைத்துக்கொள்வார்கள். தம் வயிறு நிறைந்தது என்று உள்ளங்கைக்குத் தெரிந்த கணமே தட்டை எடுத்துவிடுவார்கள், பிள்ளையைக் கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. “போதும் கண்ணு, நெறஞ்சிடுச்சு,” என்பாள் சின்னவளின் தாய். யாருக்கு நிறைந்தது என்பதைத் தனியே சொல்லவேண்டியிருக்கவில்லை. முதல் மூன்றாண்டுகள் நன்றாகவே சென்றன. டயர்க்காரர் ஒரு மின்விசிறி வாங்கினார். பெரியவள் பள்ளியிறுதி வரை படித்தாள். சித்தப்பாவின் கன்னங்கள் உப்பின. அடுப்பில் பூனை உறங்குவது வறுமையின் அடையாளம் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்ததை அரசு ஒரு சுற்றறிக்கையின் வழியே திருத்தியது. இனி அது சிக்கனத்தின் அடையாளம்.

ஆனால் நான்கு பேருக்கு விற்றதை ஒருவருக்கு விற்கவேண்டியதாகிவிட்ட வணிகர்களும் குடும்பம் நடத்தவேண்டியிருந்தது. நால்வரிடம் வாங்கிய விலையை அவர்கள் ஒருவரிடமே வாங்கத் தலைப்பட்டார்கள். ஒரு கைப்பிடிச் சோறு, முன்பு ஒரு பானைச் சோற்றுக்கு ஆன செலவை ஆக்கியது. தெரு பழைய நிலைக்கே வந்து நின்றபோது, தாய்மார்கள் பழைய உபாயத்தையே கைக்கொண்டார்கள்: உள்ளங்கைக்கு அரை வயிறு தெரிந்ததும் தட்டை எடுத்தார்கள். அரை வயிறு டயர்க்காரருக்கும் மனைவிக்கும் புதிதன்று. அதிலேயே பிறந்து அதிலேயே முதிர்ந்தவர்கள். பெரியவள் வளரவேண்டிய மட்டும் வளர்ந்து முடித்திருந்தாள். சித்தப்பா இனிப் பக்கவாட்டில் மட்டுமே வளரக்கூடியவர். அந்த வீட்டில் வளர்ச்சி பாக்கியிருந்தது ஒருத்திக்குத்தான். அவள் வளர்வதை நிறுத்தினாள்.

அதை முதலில் கவனித்தவள் தாய். மூன்றாம் வகுப்புக்குத் தைத்த கவுன் நான்காம் ஆண்டிலும் அப்படியே பொருந்தியது. மீதமிருந்த பால்பற்கள் விழவில்லை. அடுத்தடுத்த வீடுகளில், தட்டை எடுத்தால் கையைக் கடிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் வளர வளர வீட்டின் செலவும் வளர்ந்தது. தகப்பன்மார் மகன்களின் தோளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவர்களையெல்லாம் பார்த்திருந்த தாய்க்கு இது கெட்ட செய்தியாகத் தோன்றவில்லை. “நம்ம புள்ள தங்கம்,” என்றாள் கணவனிடம். “குடும்ப நெலம தெரிஞ்சவ.” ஆண்டுக்கொரு முறை வந்து நாவைச் சோதிக்கும் பணியாளர்களும் சின்னவளை மெச்சினார்கள். இப்படியொரு வாய் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று சொல்லி, அவளுக்கு அரசுமுத்திரை பொறித்த கரண்டியொன்றைப் பரிசளித்தார்கள். அது தேக்கரண்டியைவிடச் சிறியது.

எதிர்வீட்டில் அச்சுக்கூடத்துத் தொழிலாளியின் மகன் பந்தின் பின்னே ஓடித் தண்ணீர் லாரிக்கு அடியில் போனது அக்காலத்தில்தான். அவனும் நீலப் புள்ளிக்காரன். உண்பவர் இறந்தால் என்னவாகும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, அரசும் சொல்லியதில்லை. அவனை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் பசியோடு உட்கார்ந்தார்கள், உண்டார்கள், நிறையவில்லை. மீண்டும் உலை வைத்தார்கள். தெரு இரங்கி ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுபோய்க் கொடுத்தது. மணலில் விட்ட நீர்போல எல்லாம் உள்ளே போயிற்று, ஒன்றும் தங்கவில்லை. திட்ட அலுவலர் நேரில் வந்து, கண்கலங்கி, “இதுக்கு விதியில எடம் இல்லம்மா, இருந்தா செய்ய மாட்டேனா?” என்றார். நிறைந்த பானைகளுக்கு நடுவே அவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனார்கள். இறப்புக்குக் காரணம் மிகையாக உண்டமை என்று எழுதப்பட்டது. கடைசி வாரங்களில் அவர்கள் உண்டதைப் பார்த்தவர் எவரும் அதை மறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு தெரு தன் பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கலாயிற்று. டயர்க்காரர் பணிமனையிலிருந்து ஓர் இரும்புத் தாழ்ப்பாளைக் கொண்டுவந்து கதவின் உட்புறத்தில் தம் தலைக்கு நேரே பொருத்தினார். சின்னவளின் பள்ளி நின்றது. அவள் முக்காலியில் ஏறி எட்டிவிடுவாளோ என்று முக்காலியையும், பிறகு வாளியையும் பரண்மேல் ஏற்றினார்கள். அவள் உலகம் இரண்டு அறைகளும் ஒரு சன்னலும் ஆயிற்று. அரிசியில் கல் பொறுக்கினாள். சித்தப்பா படித்துவிட்டுப் போட்ட செய்தித்தாள்களை எழுத்துக்கூட்டி, பிறகு ஓட்டமாக, பிறகு விமரிசனத்தோடு படித்தாள். தாழ்ப்பாளுக்கு நேர் கீழே சுவரில் சாய்ந்து நின்று தலைக்குமேல் விரலால் ஒரு கோடு கிழித்துக்கொள்வதை அவள் நாள்தோறும் செய்தாள். ஒரே இடத்தில் கிழிபட்டுக் கிழிபட்டுச் சுண்ணாம்பில் அக்கோடு வாய்க்கால்போல் ஆழமாயிற்று, மேலே ஏறவில்லை.

ஒருமுறை அவள் கேட்டாள் என்பதற்காகப் பெரியவள் ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். வீட்டில் வேறு யாருமில்லாத முற்பகல் அது, முழுப் பழம். ஆனால் அந்த வீட்டில் களவாக உண்ணுதல் என்பது இயலாத செயல். பணிமனையில் பேருந்துக்கு அடியில் மல்லாந்து கிடந்த டயர்க்காரர் திடீரென ஒரு நீண்ட ஏப்பம் விட்டார். அதில் வாழைப்பழ வாசம் இருந்தது. சலவைக்கூடத்தில் தாயின் கை பிழிந்த போர்வையோடு நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் தெருமுனையில் சந்தித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

“யாரு குடுத்தது?”

“நான்தாம்பா,” என்றாள் பெரியவள். “பாவம், கேட்டா.”

“கேட்டா குடுத்துடுவியா? இன்னைக்கு நெறஞ்சா நாளைக்கும் கேக்கும். அது அவ வயிறுன்னு நெனச்சியா? அஞ்சு பேரு வயிறுடி அது!”

அவர் அறைந்த அறையில் பெரியவளின் காதில் சில நாள் வண்டு ரீங்கரித்தது. பழத்தோலைச் சின்னவள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அது கறுத்து நூலாகும் வரை முகர்ந்துகொண்டிருந்தாள். பெரியவள் அதன்பின் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்க விரும்பினாள் என்பதைத் தெரு ஒப்புக்கொள்கிறது.

ஆண்டுகள் சென்றன. பெரியவளை ஒரு பேருந்து நடத்துநருக்கு மணமுடித்தார்கள். அவன் வீட்டின் நீலப் புள்ளி அவன் தம்பியின் நாவில் இருந்தது. அத்தம்பியோ ஆறடி வளர்ந்து, ஒரு வேளைக்கு ஒரு பானையைக் காலிசெய்யும் வாலிபனாகியிருந்தான். அவனுக்கு ஊட்டவே சம்பளம் போதாமல், நடத்துநர் ஒரு நாள் தடம் மாறிய பேருந்தைப் போல் வேறொரு வீட்டின் கைக்குழந்தையின் வாயை நம்பிப் போய்விட்டான். பெரியவள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு தாய்வீடு திரும்பினாள். பணியாளர்கள் வந்து அவளைச் சின்னவளின் வாயோடு மீண்டும் இணைத்துவிட்டுப் போனார்கள். கதவைத் திறந்துவிட்ட தங்கை, தாழ்ப்பாளைத் தாய் நீக்கிக் கொடுக்க, இடுப்புயரத்தில் நின்று, இருபது வயதுக் குரலில், “வாக்கா, எளச்சுட்டியே,” என்றாள். பெரியவள் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டாள், கனமே இல்லை. இறக்கிவிட மறந்து நெடுநேரம் நின்றாள்.

குழந்தை பிறந்த மாதத்தில் அரசு தன் அடுத்த நடவடிக்கையை அறிவித்தது. ஐந்து வயதில் புள்ளி பெற்றவர்கள் எல்லாம் மீசையும் பசியும் பெற்றுவிட்ட நிலையில், நாடெங்கும் குடும்பங்கள் தவித்துக்கொண்டிருந்தன. ஆகவே வாய் மாற்று முகாம். வளர்ந்த வாயிலிருந்து சின்ன வாய்க்குப் புள்ளியை மாற்றிக்கொள்ளலாம். நகர மண்டபத்தில் ஒரு நாள் மட்டும். குடும்பத்தில் பெரும்பாலோர் கைதூக்கவேண்டும். பழைய உண்பவர், யாருடைய நிர்ப்பந்தமும் இன்றி, தம் வாயால் ‘கொடுத்தேன்’ என்று சொல்லவேண்டும். புதிதாகப் பெறுபவரின் ஒப்புதல் குறித்து விதி எதுவும் இல்லை. பெரும்பாலும் அவர்களுக்குப் பேச்சு வந்திருக்காது. மாற்றிக் கொடுத்தவர்கள் அன்றிலிருந்து மற்றவர்களைப் போல் ஆவார்கள். அவர்களுக்கு நின்றுபோன எதுவும் மீண்டும் தொடங்கும் என்று அறிவிப்பின் கடைசி வரி சொல்லிற்று. செய்தித்தாளில் அந்த வரியைச் சின்னவள் எத்தனை முறை படித்தாள் என்று தெரியவில்லை. அந்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

இதில் இன்னொரு வழியிருப்பதை டயர்க்காரர் கண்டுபிடித்தார். ஒரு மாலை, காலி அடுப்பின் எதிரே அமர்ந்து, பெரியவள் பிள்ளைக்குப் பால்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென நிமிர்ந்தார். “ட்யூப்ல காத்து மாதிரிதான்,” என்றார். “பஞ்சர் இல்லேன்னா வெளிய போகாது, உள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கும். கொழந்த பால் குடிக்குது. அதுக்கு நெறஞ்சா இவளுக்கு நெறையுது. இவளுக்கு நெறஞ்சா மறுபடி பால் ஊறுது. அரிசி எங்க வருது இதுல?”

அவரே தொடையில் தட்டிக்கொண்டார்.

“வரவே இல்ல! ஒரு பருக்க கூட வேணாம்!”

“அண்ணே,” என்றார் சித்தப்பா, “நீ இத்தன வருஷம் பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கெடந்தது வீண் போகல. உன்னத் தூக்கி மந்திரியா வச்சிருந்தா நாடு எப்பவோ உருப்பட்டிருக்கும்.”

தாய் தன் இடக்கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மகளையும் பேரக்குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். “முழு வயிறாங்க?” என்று மட்டும் கேட்டாள். முழு வயிறு என்றார் டயர்க்காரர். பெரியவள் பிள்ளையை மார்பிலிருந்து எடுத்துத் திரும்பி அமர்ந்தாள்.

முகாமுக்கு முந்திய பிற்பகலில், குழந்தைத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த பெரியவள், கீழே நின்று துணிகளை எடுத்துக்கொடுத்த தங்கையிடம் கேட்டாள்.

“நாளைக்கு என்னடி சொல்லப் போற?”

“தெரியலக்கா.”

“தெரியாதுன்னு ஏன் சொல்ற? உன் மூஞ்சியே சொல்லுது.” அவள் ஈரத் துணியை உதறினாள். “இதோ பாரு. நீ பட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. அதையெல்லாம் எம் புள்ளையும் படணுமா? அதுக்கு இன்னும் தல நிக்கல.”

“நான் பட்டது யாருக்காகக்கா?” சின்னவள் அண்ணாந்து பார்த்தாள். “நீ படிச்சே, கல்யாணம் பண்ணே, புள்ள பெத்தே. எல்லாம் இந்த வாய் தின்னதுதானே?”

“நானாடி உன்னக் கைகாட்டினேன்? எனக்கு அப்பப் பதினஞ்சு வயசு.”

“எனக்கு அஞ்சு.”

பெரியவள் மண்டியிட்டுத் தங்கையின் முகத்துக்கு நேராக வந்தாள். “என்னப் பாத்துச் சொல்லு. உனக்கு வாழப்பழம் குடுத்தது யாரு?”

“நீதான்.”

“அதுக்கு அற வாங்கினது?”

“நீதாங்க்கா.”

“அப்புறம்?”

சின்னவள் கையிலிருந்த குட்டிச் சட்டையை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். “பதினஞ்சு வருஷத்துல,” என்றாள், “ஒரு பழந்தானேக்கா.”

நகர மண்டபத்தில் மின்விசிறிகள் ஓடின. வந்தவர்களுக்குத் தண்ணீர் வழங்கப்பட்டது. திட்ட அலுவலர் பதவி உயர்ந்து மேடையில் இருந்தார். தலைமுடிக்குச் சாயம் பூசியிருந்தார். குரலில் இரக்கம் குறையவில்லை. டயர்க்காரர், மனைவி, தம்பி மூவரும் கைதூக்கினார்கள். பெரியவள் தூக்கவில்லை, அவள் இரு கைகளாலும் பிள்ளையை இறுக்கியிருந்தாள், அவள் கை தேவைப்படவும் இல்லை. சின்னவளை மேசைமேல் தூக்கி நிறுத்தினார்கள்.

“யாராவது வற்புறுத்தினாங்களாம்மா?”

“இல்ல சார்.”

“நல்லா யோசிச்சுட்டியா?”

“நான் வேற என்ன சார் செஞ்சுக்கிட்டு இருந்தேன், இத்தன வருஷமா?”

மண்டபம் சிரித்தது; அலுவலரும் சிரித்தார். சின்னவள் பெரியவளின் பக்கம் பார்க்காமல், செய்தித்தாள் படிக்கும் தெளிந்த குரலில், “கொடுத்தேன்,” என்றாள். அவள் நாவிலிருந்த புள்ளி உலர்ந்த எள்போல் உதிர்ந்து மேசைமேல் விழுந்தது. பணியாளர் ஒருவர் குழந்தையின் கன்னங்களை அழுத்தி வாயைத் திறந்தார். வாய் திறந்ததைக் கொட்டாவி என்று எண்ணிய குழந்தை கொட்டாவி விட்டது; அதன் நாவில் நீலப் புள்ளி தோன்றிற்று. அங்கேயே, மண்டபத்தின் மூலையில், பெரியவள் அழுதுகொண்டே பால்கொடுத்தாள். அழும் பிள்ளைக்குக் கொடுக்காமலிருக்க அவளால் ஆகவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அந்தக் குடும்பத்துக்கு முழு வயிறு கிடைத்தது. சித்தப்பா நாற்காலியிலேயே உறங்கிவிட்டார்.

டயர்க்காரரின் கணிப்பு பொய்க்கவில்லை. அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்தது. அதில் பூனை குட்டி போட்டது. செலவே இல்லாத முதல் வீடு என்று அரசு அவ்வீட்டின் வாசலில் ஒரு பித்தளைப் பலகையை அறைந்தது. வெளியூர்களிலிருந்து வல்லுநர்கள் வந்து, பெரியவள் பால்கொடுப்பதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார்கள்; தெருவின் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக அவ்வழிக்கு வந்தன. சின்னவள் பாக்கியிருந்த பன்னிரண்டு ஆண்டுகளையும் ஒரு மழைக்காலத்தில் வளர்ந்து முடித்தாள். எலும்புகள் நீளும் ஓசை, சக்கரத்திலிருந்து டயர் கழலும் ஓசையை ஒத்திருந்ததாக டயர்க்காரர் சொன்னார். பால்பற்கள் ஒரே நாளில் உதிர்ந்தன. தாய் பாவாடைகளுக்குக் கீழே துணி சேர்த்துத் தைத்துத் தைத்துக் களைத்தாள். மழை விட்டபோது அவள் அந்த வீட்டிலேயே உயர்ந்தவளாக இருந்தாள். ஒரு காலை, யாரிடமும் சொல்லாமல், கையை உயர்த்தித் தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்தாள். தெருமுனை வரை நடந்தாள். எதிர்வீட்டின் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். மாலையில் திரும்பியபோது சலவைக்கூடத்தில் தாயின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

பெரியவள் ஒரே ஒருமுறை புறப்பட்டுப் போக முயன்றாள். வீட்டார் கண்ணயர்ந்த பகல்வேளையில் பிள்ளையோடு வெளியேறி, பணிமனை வாயிலில் ஒரு பெண்ணிடம் இரந்து பெற்ற சோற்றைப் பிசைந்து அதன் வாயில் இட்டாள். சோறு உண்டால் வளரும், வளர்ந்தால் அந்த வாய்க்கு மதிப்பிருக்காது என்று எண்ணியிருக்கவேண்டும். சலவைக்கூடத்தில் போர்வை பிழிந்துகொண்டிருந்த சின்னவளின் கை நின்றது. வயிற்றில் இறங்கியது பாலன்று, சோறு. அதை அவளைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அவளே ஓடிப்போய் அக்காவைக் கண்டுபிடித்து, தோளில் கைபோட்டு, அன்போடு பேசி அழைத்துவந்தாள். அன்று மாலையே தாழ்ப்பாளைக் கழற்றிக் கதவின் வெளிப்புறத்துக்கு மாற்றினாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதைப் போடுவது அவள் பொறுப்பாயிற்று.

சுற்றிச் சுற்றி அதே பாலையே குடித்த குழந்தை வளரவில்லை. வருடங்கள் ஓடின; பெரியவளின் முன்முடி நரைத்தது; அது மடியிலேயே கிடந்து, கண்ணால் எல்லாவற்றையும் தொடர்ந்தது. பற்கள் மட்டும் வந்தன. பால் ஊறுவது நிற்கவில்லை.

ஒரு சம்பள நாளில் சின்னவள் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கிவந்தாள். வயிற்றுக்கு அது எதுவும் செய்யாது, சுவைக்காகத்தான். சன்னலோரம் அமர்ந்து, ஓரங்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகக் கடித்தாள். குழந்தை தாயின் மார்பை விட்டுத் திரும்பியது. கையை நீட்டியது. விரல்களை மூடித் திறந்தது. யாரும் கற்றுக்கொடுக்காத ஒரு சொல்லை, அந்த வீட்டில் அது பேசிய முதல் சொல்லை, மிகத் தெளிவாகச் சொன்னது.

“இன்னும்.”

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சின்னவள் மெல்லுவதை நிறுத்தினாள். அவளுடைய இடக்கை எழுந்து, தானாகவே போய், தன் வயிற்றின் மீது அமர்ந்தது. உள்ளங்கை சற்றுநேரம் காத்திருந்தது.

“போதும் கண்ணு,” என்றாள். “நெறஞ்சிடுச்சு.”

பிறகு மீதமிருந்த பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, மடியில் விழுந்த துகள்களைச் சன்னலுக்கு வெளியே தட்டிவிட்டாள். அந்த வாரம் அரிசியின் விலை மீண்டும் ஏறியது. தெருவில் யாருக்கும் அது தெரியவில்லை.